பாதித் தூண்

என் கையெழுத்து நன்றாக இருந்தது. நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வரைவாளர் வேலை. ஏரலிலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், நாள் முழுக்கக் குனிந்து நின்று மதகும் வாய்க்காலும் வரைந்துவிட்டு, பொழுது சாய வீடு வந்து சேர்ந்தால், முன்னறை நாற்காலியில் எங்கள் சபையைச் சேர்ந்த யாராவது ஒருவர் காத்திருப்பார். "அப்பாவுக்குக் கல்லு வைக்கணும், தேவதாசா. ஒரு படம் போட்டுத் தந்தீன்னா கல்தச்சன்கிட்ட குடுத்துருவேன்" என்பார். இருபது வருஷமாக இதே கதைதான். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிற கற்களில் பாதிக்கு மேல் என் மேஜையில் வரைந்தவை.

"உயிரோட இருக்க ஒருத்தராவது வீட்டுக்குப் பிளான் போடச் சொல்லி இங்க வந்திருக்காங்களா?" என்று என் மனைவி தேவமணி கேட்பாள். ஒருவரும் வந்ததில்லை.

வரைவதில் எனக்குச் சிரமமில்லை. வரைந்ததற்கு அர்த்தம் சொல்லித்தான் எனக்கு ஆயுசு போயிற்று. நங்கூரம் போட்டால் அது நம்பிக்கைக்கு அடையாளம். "எங்கப்பா தாலுகா ஆபீஸ்லலா வேல பாத்தாரு, கப்பல்லயா போனாரு?" என்று மகன் கேட்பான். துணி போர்த்திய கலசம் போட்டால், "நாம என்ன சாம்பலையா கரைக்கோம்?" என்று மருமகள் முகத்தைச் சுளிப்பாள். ஆட்டுக்குட்டி போட்டால் கறிக்கடை வைத்திருந்த குடும்பம் என்று ஊர் நினைக்குமாம். ஒரு தடவை உயிர்த்தெழுதலைக் காட்டுவதற்காக மலைக்கு மேல் சூரியன் எழும்புவதுபோல வரைந்துகொடுத்தேன். இறந்தவர் சாகும்வரை எதிர்க்கட்சிக்காரராம். சண்டைக்கே வந்துவிட்டார்கள். சரி என்று சூரியனை அழித்துவிட்டு இலை வளையம் போட்டேன். இலை எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இப்படி நான் சலித்துப்போய் இருந்த நாளில்தான், 1992 பிப்ரவரியில், அப்பாத்துரை சார் வந்தார்.

அவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எனக்கு இரண்டு வயது மூத்தவர். அதற்கு முந்திய செப்டம்பரில் அவருடைய ஒரே மகள் ரீபா மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி வேதியியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். தலைவலி என்று திங்கட்கிழமை சொன்னவள் சனிக்கிழமை இல்லை. அடக்கத்தன்று அவர் அழவில்லை. சபையில் எல்லோரும் அதைப் பெரிய விசுவாசம் என்று பாராட்டினார்கள்.

நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த கிராப் தாளை எடுத்து மேஜையில் விரித்தார். பென்சிலால் ஒரு தூண் வரைந்திருந்தது. சதுரமான அடிப்பீடம், அதற்குமேல் உருண்டைத் தூண். தூண் மேலே போகப் போக ஓரிடத்தில் திடீரென்று உடைந்து, பல்லுப் பல்லாக நின்றது. அதற்குமேல் ஒன்றுமில்லை.

"பாளையங்கோட்டை பழைய கல்லறையில வெள்ளைக்காரன் ஒருத்தன் மகனுக்கு வச்சிருக்கான், பாத்திருக்கீரா?" என்றார்.

"பார்த்திருக்கேன் சார். பாதியிலே முடிஞ்ச ஆயுசுன்னு அர்த்தம்."

"அர்த்தம் எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கல வே. கீழ வருஷம் போட்டிருந்தது. கழிச்சுப் பாத்தேன். இருபத்திரண்டு. புரிஞ்சிட்டு."

பிறகு வகுப்பில் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "வீட்டுக்கு வாரவங்க எல்லாரும் அவ வந்த வேல முடிஞ்சுட்டு, ஆண்டவர் கூப்பிட்டுக்கிட்டாருங்காங்க. என்ன வே முடிஞ்சுது? அந்த வருஷப் பரீட்சகூட எழுதல. முடியலன்னு சொல்லுததுக்கு எனக்கு ஒரு எடம் வேணும். ஒரே ஒரு எடம். வசனம் கிசனம் ஒண்ணும் போடாதேயும். பேரு, ரெண்டு வருஷம், அவ்வளவுதான்."

சரி என்று தலையாட்டிவிட்டு அளவுகளைப் பார்த்தேன். தரையிலிருந்து உடைந்த நுனிவரை நாலடி பதினொன்றேமுக்கால் அங்குலம் என்று எழுதியிருந்தார்.

"அஞ்சடின்னு வச்சுக்கிடுவோமே சார். கல்தச்சனுக்குச் சுளுவா இருக்கும்."

"நாலடி பதினொண்ணேமுக்கால்" என்றார். "அப்படியே போடும்."

வெள்ளைக்காரன் தூணை அளந்து எடுத்த அளவு போலிருக்கிறது, கணக்கு வாத்தியார் கால் அங்குலத்தைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டு அப்படியே போட்டேன்.

சபைக் கமிட்டியில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. உடைந்த பொருளைக் கல்லறையில் வைக்கலாமா, பார்க்கிறவர்கள் கல்தச்சன் ஏமாற்றிவிட்டான் என்று நினைக்கமாட்டார்களா, சபைக்கே கெட்ட பெயர் இல்லையா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். போதகர் மட்டும் யோசித்து, வெள்ளைக்காரர்களே வைத்திருக்கிறார்கள் என்றால் அதில் மார்க்க விரோதம் எதுவும் இருக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

ஏப்ரலில் தூண் நின்றது. அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

சர்ச்சில் மணி அடிக்கிறவர் வந்து, "சார் மக கல்லு மேல மாடு முட்டிட்டு போல" என்றார். அர்த்தம் சொன்னேன். பெண்கள் ஐக்கியத்துத் தலைவி வந்தார். அவருக்கும் சொன்னேன். கடைத்தெருவில் மொத்தச் சரக்குக் கடை வைத்திருக்கும் அகமது மீரான் அண்ணாச்சி என்னைப் பஸ் நிறுத்தத்தில் மறித்து, "வாத்தியார் மக கல்லை எவனோ ஒடச்சிட்டானாம்லா. இந்த அநியாயத்தைப் போலீஸ்ல சொல்ல வேண்டாமா?" என்று உண்மையான கோபத்தோடு கேட்டார். பஸ்ஸை விட்டுவிட்டு அவருக்கும் சொன்னேன். வெளியூரிலிருந்து அடக்கத்துக்கு வருகிறவர்கள், கல்யாணத்துக்கு வந்தவர்கள், ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லை. நேராக அப்பாத்துரை சாரிடமே கேட்டவர்களும் உண்டு. அவர், "தேவதாசன்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார். ஒரு நாளும் அவர் வாயால் சொன்னதில்லை.

ஏழு மாதம் இப்படி ஓடியது. அந்தப் பிள்ளை பாதியில் போனதை நாளுக்கு ஒரு தடவையாவது என் வாயால் சொன்னேன். சொல்லிச் சொல்லி, கடைசியில் பஸ் நேரம் சொல்வதுபோல அதைச் சொல்கிறேனே என்று என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

தூணைப் பார்க்க வராதவர் ஒருவர்தான். அப்பாத்துரை சாரின் மனைவி செல்லக்கிளி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிந்ததும் சார் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார். செல்லக்கிளி வீட்டுக்குப் போவார். "ஒடஞ்சது எனக்குத் தெரியாதா தேவமணி? அதைக் கல்லுல வேற போய்ப் பாக்கணுமா?" என்று என் மனைவியிடம் ஒரு தடவை கேட்டாராம். வீட்டில் இரண்டு பேரும் ரீபாவின் பெயரையே எடுப்பதில்லை. பால் வந்ததா, கரண்ட் பில் கட்டியாச்சா, இவ்வளவுதான் பேச்சு என்று தேவமணி சொன்னாள்.

அந்த நவம்பரில் வெள்ளம் வந்தது. தாமிரபரணி எங்கள் ஊரில் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று யாரும் நினைத்துப் பார்த்திராத தூரம்வரை வந்தது. கல்லறைத் தோட்டம் ஆற்றங்கரைச் சரிவில் இருந்ததால் முதல் இரவே தண்ணீருக்குள் போயிற்று. வடிந்தபிறகு போய்ப் பார்த்தோம். முழங்கால் உயரத்துக்குச் சேறு. சிலுவைகள் முறிந்து, கற்கள் சாய்ந்து, எங்கிருந்தோ வந்த பனந்தடி ஒன்று போதகர்கள் வரிசைமேல் குறுக்கே கிடந்தது. என் இருபது வருஷ வேலையில் பாதி குப்புற விழுந்திருந்தது. எனக்குத் துக்கமாகக்கூட இல்லை. அங்கேயே உட்கார்ந்து தூங்க வேண்டும்போல இருந்தது.

பாதித் தூண் மட்டும் அசையாமல் நின்றது. அப்பாத்துரை சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் அடியில் சேற்றைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தார். "ஆள் வச்சு எடுத்துருவோம் சார், விடுங்க" என்றேன்.

"அடி வரைக்கும் தெரியணும் வே" என்றார். தரை வெளியே தெரிகிறவரை நிமிரவில்லை.

கற்களைச் சீர்செய்கிற பொறுப்பை கமிட்டி என் தலையில் கட்டியது. எந்தக் கல்லில் என்ன இருந்தது என்று எனக்குத்தானே தெரியும் என்றார்கள். முக்கூடலிலிருந்து ஐயம்பெருமாள் என்று ஒரு கொத்தனார் கிடைத்தார். நாற்பது வயதிருக்கும். கோபுரத்துச் சுதை வேலை தெரிந்தவர். வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை ஊர்களில் கொத்தனார் கிடைப்பதே அபூர்வமாக இருந்ததால், கோபுரம் செய்கிற கை சிலுவை செய்யலாமா என்று கமிட்டியில் யாரும் கேட்கவில்லை.

ஜனவரியில் ஒரு காலை அவரை அழைத்துக்கொண்டு கல் கல்லாக நடந்தேன். உடைந்தவற்றில் சிவப்புச் சாக்பீஸால் குறி போட்டேன். ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். இது நங்கூரம், இந்தக் கொக்கி இப்படித் திரும்ப வேண்டும். இது புறா, கோழி மாதிரி ஆகிவிடக் கூடாது. வெள்ளத்தோடு வந்த காய்ச்சல் எனக்கு முழுதாகப் போகவில்லை. பத்து மணி பஸ்ஸையாவது பிடித்தால்தான் அரை நாள் லீவோடு தப்பலாம்.

வாசலுக்கு வந்தபோது, "அவ்வளவுதானா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

கோடியில் பாதித் தூண் நிற்பது எனக்குத் தெரிந்தது. அதைத் தொடாதேயும் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் வெள்ளைக்காரன் வழக்கத்திலிருந்து ஆரம்பித்து எல்லாம் சொல்ல வேண்டும். அதில்தான் குறி போடவில்லையே, தொடமாட்டார் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

"அவ்வளவுதான். ஒடஞ்சது வேற எதுவும் கண்ணுல பட்டா அதையும் சரி பண்ணிரும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஊரில் எல்லோருக்கும் அர்த்தம் சொன்னவன், கையில் சாந்துக் கரண்டி வைத்திருந்த ஒருவருக்கு மட்டும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பாத்துரை சார் வாசலில் வந்து நின்றார். தேவமணி உள்ளே வரச் சொன்னாள். வரவில்லை.

"கல்லறைக்குப் போனீரா?" என்று என்னைக் கேட்டார்.

"இந்த வாரம் போகல சார்."

"போய்ப் பாரும்" என்றார். திரும்பி நடந்துவிட்டார்.

பாதிச் சோற்றில் எழுந்து போனேன். தோட்டத்துக்குள் நுழையும்போதே தெரிந்தது. தூண் முழுசாக நின்றது. உடைந்த பற்களின்மேல் கம்பி இறக்கி, சாந்து பூசி, கீழிருந்த கல்லின் உருட்சி கொஞ்சமும் மாறாமல் மேலே இரண்டடி வளர்ந்திருந்தது. உச்சியில் ஒரு தாமரை மொட்டு. இதழ் ஒன்றோடொன்று ஒட்டி, நுனி குவிந்து, இன்னும் திறக்காத மொட்டு. கல்லும் சாந்தும் சேர்ந்த இடத்தில் பல்லுப் பல்லாக ஒரு கோடு மட்டும் நிறம் மாறித் தெரிந்தது. மற்றபடி அந்தத் தோட்டத்தில் அவ்வளவு அழகான வேலை வேறு இல்லை. அரைகுறையாகச் செய்திருந்தால் கொத்தனாரையாவது திட்டியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் அப்பாத்துரை சார் வீட்டுக்குப் போனேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

"தப்பு என்மேலதான் சார். அந்த மனுஷன்கிட்ட நான் சொல்லியிருக்கணும். அலுத்துப்போய் விட்டுட்டேன்."

"உமக்கு அலுத்துட்டு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அவமானமாக இருந்தது. "எனக்கு அது ஒண்ணுதான் இருந்தது வே. அதையும் முடிச்சு வச்சுட்டாங்க. நாளைக்குக் காலையில வாரும். சுத்தியல் எங்கிட்ட இருக்கு."

காப்பி கொண்டுவந்த செல்லக்கிளி கதவருகில் நின்றுவிட்டார். என்ன நடந்தது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கொத்தனார் தெரியாமல் தூணைக் கட்டி முடித்துவிட்டதைச் சொன்னேன்.

"மேல என்ன வச்சிருக்கான்?"

"மொட்டு. ஒரு தாமரை மொட்டு."

"மொட்டா" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். ஐயம்பெருமாள் வெயில் ஏறுமுன்பே வந்து சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். அப்பாத்துரை சார் மஞ்சப்பைக்குள் சுத்தியலோடு வந்தார். இந்தப் பெண்பிள்ளையின் தகப்பன் இவர் என்று நான் சொன்னதும் கொத்தனார் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நன்றி சொல்ல வந்தவரை வரவேற்கிறவர்போல நின்றார்.

"உம்மை யாரு இதைத் தொடச் சொன்னா?" என்று அப்பாத்துரை சார் கத்தினார். முப்பது வருஷம் வகுப்பில்கூட அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கொத்தனார் என்னைப் பார்த்தார். "நான்தான் சொன்னேன்" என்றேன். அதன்பிறகு, ஒரு வாரம் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். பாதியில் நின்ற ஆயுசு என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்தது, அது உடைந்த தூணே இல்லை, அவ்வளவுதான் அந்தத் தூண் என்று சொன்னேன். அன்றைக்கு அதைச் சொல்லும்போது எனக்கு வாய் குழறியது.

ஐயம்பெருமாள் தூணை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். "தெரியாது அண்ணாச்சி" என்றார். "எங்க பக்கம் ஒடஞ்சதை நிறுத்தி வைக்க மாட்டோம். வெள்ளத்துல போயிட்டுன்னு நெனச்சேன். வேணாம்னா எடுத்துருதேன். பைய எடுத்தா பழைய கல்லுக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா என் கையால எடுக்க முடியாது. கன்னிப்பிள்ளைக்கு வச்ச பூ. வேற ஆள் பாத்துக்கிடுங்க."

"நானே எடுக்கேன்" என்று அப்பாத்துரை சார் பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். தூணருகில் போனார். உச்சியை அண்ணாந்து பார்த்தார். சுத்தியலை ஓங்கவில்லை. கணக்கில் ஏதோ ஒரு படி புரியாதவர்போல நின்றார்.

"தூணுக்கு மேல விரிஞ்ச தாமரைலா வைப்பாங்க" என்றார் திரும்பாமலே. "எதுக்கு மொட்டு வச்சீரு?"

"விரிச்சு வைக்கணும்னுதான் சாந்து பெசஞ்சேன் சாரு. எனக்கு எழுத்து வாசிக்க வராது. நம்பர் தெரியும். கீழ போட்டிருந்ததுல்லா, எழுபத்திரண்டு, தொண்ணூத்தொண்ணு. கழிச்சுப் பாத்தேன். பத்தொம்பது வருது." அவர் குரல் தணிந்தது. "பத்தொம்பது வயசுப் பிள்ளைக்கு எப்படி சாரு விரிச்சு வைக்க?"

அப்பாத்துரை சார் திரும்பினார். "கழிச்சுப் பாத்தீரா?" என்றார்.

"ஆமா சாரு."

"கழிச்சுப் பாத்தீரா" என்று மறுபடியும் சொன்னார். சுத்தியலை அடிப்பீடத்தின்மேல் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். சிறுபிள்ளைபோல வாய்விட்டு அழுதார். அடக்கத்தன்று வராத அழுகை ஒன்றரை வருஷம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு கொத்தனார் முன்னால் வந்தது. ஆறுதல் சொல்ல வந்த அத்தனை பேரில் ஒருவர்கூட அந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்கவில்லை. நானும்தான். அந்த எண்களை வரைந்தவன் நான்.

கொஞ்சம் தெளிந்தபிறகு கொத்தனார் பயந்து பயந்து சொன்னார். "இருக்கட்டும்னா, வெள்ளைச் சிமிண்டு ஒரு கை இழுத்துட்டேன்னா அந்த ஒட்டு தெரியாது. அதுதான் பாக்கி."

அப்பாத்துரை சார் சட்டென்று எழுந்து அந்தக் கோட்டின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். "இதைத் தொடாதேயும். மேல இருக்கது இருக்கட்டும். இந்த ஒட்டு தெரியணும்."

"பாக்கவங்க வேலை சுத்தமில்லைம்பாங்களே."

"தேவதாசன் இருக்காருல்லா. அர்த்தம் சொல்லுவாரு" என்றார். அழுத முகத்தில் அது ஒரு சிரிப்புப்போலத் தெரிந்தது. இனி இந்தக் கோட்டுக்கும் ஊருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமா என்று எனக்கு அப்போதே கால் வலித்தது.

அந்த நேரத்தில்தான் வாசல் கதவு கிரீச்சிட்டது. செல்லக்கிளி வந்துகொண்டிருந்தார். இரண்டடி பின்னால் தேவமணி. செல்லக்கிளியின் கையில் பூவோ மெழுகுவர்த்தியோ ஒன்றுமில்லை. அடுப்படியிலிருந்து அப்படியே எழுந்து வந்த சேலை. புருஷனையும் என்னையும் தாண்டி நேரே தூணிடம் போய் மேலே மொட்டைப் பார்த்தார். அதைப் பார்க்கத்தான் வந்தார் என்று நினைத்தேன். ஆனால் கண் கீழே இறங்கி அந்தக் கோட்டில் நின்றது. அங்கேயே நின்றது.

யாரும் ஒன்றும் கேட்காவிட்டாலும், பழக்க தோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். "அது வந்து, வெள்ளைக்காரங்க வழக்கத்துல..."

அவர் என்னைக் கவனிக்கவில்லை. தூணை ஒட்டி நின்று, உடைந்த கல்லின் மிக உயர்ந்த நுனிக்கு நேராக உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தார். அப்படியே கையை ஏற்றாமல் இறக்காமல் தன் முகத்துக்கு இழுத்தார். கை புருவத்தில் வந்து முட்டியது.

"ஏங்க" என்றார். "இது அவ உசரம்லா."

அப்பாத்துரை சார் தலையை ஆட்டினார்.

"ஹாஸ்டலுக்குப் போறதுக்கு முந்தின நாள் கதவுல நிக்க வச்சுக் கோடு போட்டியளே. அந்த உசரம்."

"ஆமா" என்றார் அவர். "கால் இஞ்சு கொறையுது அஞ்சடிக்குன்னு சண்ட போட்டா. ஞாபகமிருக்கா?"

"வந்து மறுபடி அளக்கணும்னு சொன்னா" என்றார் செல்லக்கிளி. புருவத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை.

நாலடி பதினொன்றேமுக்கால். என் கையால் எழுதி, அம்புக்குறி போட்டு, அளவுகோல் வைத்துச் சரிபார்த்த எண். அர்த்தம் தெரிந்தவன் என்று ஊரே வந்து கேட்டது என்னிடம்தான். அஞ்சடி என்று வைத்துக்கொள்வோமே என்று சொன்னவனும் நான்தான்.

தேவமணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஐயம்பெருமாள் ஏற்கெனவே தன் சாந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போயிருந்தார். நாங்களும் போனோம்.